இழவு வீட்டுக்குள் துப்பறிவாளர்: ஹோம்ஸ் ரசிகர் புனைவில் ஆவி மீடியத்தை எழுதுவது எப்படி?

ஷெர்லக் ஹோம்ஸை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளில் ஆவிகளோடு பேசும் மீடியம் வந்துவிட்டால், முடிவு பெரும்பாலும் ஒன்றுதான். இருட்டறையில் மேசை நடுங்கும், ஹோம்ஸ் சட்டென்று விளக்கை ஏற்றுவார், மீடியத்தின் கையில் சல்லாத் துணி அகப்படும், காவல் அதிகாரி லெஸ்ட்ரேட் விலங்கு மாட்டுவார், கதை முடிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு முன்பு அதே மேசையில் இறந்துபோன மகனின் குரலைக் கேட்டுவிட்டதாக அழுதுகொண்டிருந்த தாய் என்ன ஆனார்? எழுதியவருக்கே நினைவிருக்காது.

இந்த வழிகாட்டி அந்தத் தாயை நடுவில் வைத்துக் கதையைக் கட்டுவது பற்றியது. இப்படிப்பட்ட கதையில் வழக்குகள் இரண்டு. வித்தை எப்படி நடந்தது என்பது ஒன்று. வந்தவர் எதைத் தேடி வந்தார் என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் தீர்த்துவிட்டுக் கிளம்பும் ஹோம்ஸ் பாதி வேலையை விட்டுவிட்டுப் போகிறார். மூலக் கதைகளை நீங்கள் படித்திருக்கிறீர்கள், ஒன்றிரண்டு எழுதியும் பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதல் படி: சாவிலிருந்து தொடங்குங்கள்

வித்தையை யோசிக்கும் முன்பு சாவை யோசியுங்கள். யார் இறந்தார், எப்படி, உடல் கிடைத்ததா, கடைசியாகப் பேசிய பேச்சு என்ன? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். துக்கத்தில் மீடியத்தைத் தேடிப் போகிறவர் மறுமை உண்டா இல்லையா என்று தத்துவம் கேட்கப் போவதில்லை. ‘வலித்ததா?’, ‘என்மேல் கோபமா?’, ‘நான் அன்று வந்திருந்தால் பிழைத்திருப்பாயா?’ இவை போன்ற ஒரே ஒரு கேள்வியைத்தான் மடியில் கட்டிக்கொண்டு போகிறார். அந்தக் கேள்வியை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதை முடியும்போது அதற்கு ஏதோ ஒரு விடை கிடைத்திருக்க வேண்டும். அல்லது விடையே கிடையாது என்பதாவது தெளிவாகியிருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒருவரை உருவாக்கிக்கொள்வோம். லண்டனில் சலவை வேலை செய்யும் ஒரு விதவை. ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். கப்பல் மூழ்கிவிட்டது, உடல் கிடைக்கவில்லை. கிளம்பிய அன்று இருவருக்கும் சண்டை. ‘பணம் இல்லாமல் இந்த வாசல்படியை மிதிக்காதே’ என்று சொல்லி அனுப்பியவர் அவர்தான். மகன் தன்னை மன்னித்தானா என்பதுதான் அவருடைய கேள்வி. இவரை அடுத்த படிகளிலும் கூட அழைத்துப் போவோம்.

இரண்டாம் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஹோம்ஸ் உலகத்தில் இந்தக் கதைக்குப் பொருந்தும் காலங்கள் முக்கியமாக இரண்டு.

ஒன்று, 1891 மே முதல் 1894 ஏப்ரல் வரையிலான இடைவெளி. ரைகன்பாக் அருவியில் ஹோம்ஸ் செத்துவிட்டார் என்று உலகமே நம்பிய காலம் அது. அந்த ஆண்டுகளிலேயே வாட்சன் மனைவியையும் இழக்கிறார். மூலக் கதையில் அதற்கு ஒதுக்கப்பட்ட இடம் ஒரு வரிக்கு மேல் இல்லை. ரசிகர் புனைவுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. நண்பனும் போய், மனைவியும் போய்த் தனியாக நிற்கும் ஒரு மருத்துவர் ஏதோ ஒரு மாலையில் மீடியத்தின் கதவைத் தட்டினால் என்ன?

இங்கே கதை உங்களுக்கு ஒரு வசதி செய்து தருகிறது. மீடியம் ‘ஹோம்ஸின் ஆவி’ பேசுவதாகச் சொன்னால் அது பொய் என்று காட்ட எந்தத் துப்பும் தேவையில்லை. ஹோம்ஸ் உயிரோடு இருக்கிறார் என்பது வாசகருக்குத் தெரியும். ஆனால் அதே மீடியம், அதே மாலையில், வாட்சனின் மனைவி மேரியின் பெயரில் சொன்ன சொற்கள்? அவற்றைப் பொய் என்று நிரூபிக்க உலகத்தில் ஆளில்லை. 1894-இல் திரும்பி வரும் ஹோம்ஸ் இதைக் கேள்விப்படும்போது, தன் பெயரில் வந்த செய்தியைச் சிரித்துத் தள்ளிவிடலாம். மற்றதைத் தொட அவருக்கு என்ன உரிமை? நான் எழுதினால் இந்த இடத்திலேயே பத்துப் பக்கம் நிற்பேன்.

இதையே தலைகீழாகவும் எழுதலாம். வாட்சன் கேட்கக் கேட்க மீடியம் ‘அந்தப் பெயரில் இங்கே யாருமில்லை’ என்று மட்டும் சொல்கிறாள். வாட்சன் அவளைப் பித்தலாட்டக்காரி என்று திட்டிவிட்டு எழுந்து போகிறார். மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அவள் சொன்னது சரி என்று தெரிகிறது. அவள் திறமையற்றவளா, உண்மையானவளா என்பதை முடிக்காமலேயே விட்டுவிடலாம்.

மற்றொரு காலம் முதல் உலகப் போரும் அதன் பின்னான ஆண்டுகளும். போரில் இறந்த வீரர்களின் உடல்களைத் தாயகம் கொண்டுவர பிரிட்டிஷ் அரசு அனுமதிக்கவில்லை. பெல்ஜியத்தின் ஈப்ர் நகரில் உள்ள மெனின் வாயில் நினைவிடத்தில் மட்டும் கல்லறை தெரியாத 54,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. உடலும் இல்லை, கல்லறையும் இல்லை என்ற நிலையில் வீடுவீடாக ஆவி அமர்வுகள் பெருகியதில் வியப்பில்லை. இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜின் மகன் ரேமண்ட் 1915 செப்டம்பரில் போரில் இறந்தான். அவனோடு பேசியதாக அவர் 1916-இல் ஒரு முழு நூலே எழுதினார். விஞ்ஞானிகள் இதையெல்லாம் நம்பமாட்டார்கள் என்ற எண்ணத்தில் கதை எழுதாதீர்கள்.

ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலைப் பற்றியும் ஒரு தவறான கதை உலவுகிறது: மகன் இறந்த துயரத்தில் ஆவி நம்பிக்கைக்குள் விழுந்தார் என்பார்கள். மகன் கிங்ஸ்லி இறந்தது 1918 அக்டோபரில். டாயில் தன் நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்தது 1916-இல். ஆவி ஆராய்ச்சிக் கழகத்தில் அவர் சேர்ந்தது இன்னும் முன்னால், 1893-இல். ஹோம்ஸை அருவியில் தள்ளிய கதை வெளிவந்ததும், அவருடைய தந்தை இறந்ததும் அதே ஆண்டில்தான். நம்பிக்கை முன்பே இருந்தது, துக்கம் அதற்கு வேலை கொடுத்தது. உங்கள் பாத்திரங்களுக்கும் இந்த வரிசை பொருந்துமா என்று பாருங்கள். ‘மகன் செத்தான், அம்மா ஏமாந்தாள்’ என்ற நேர்கோட்டைவிட இது உயிருள்ளது.

மூன்றாம் படி: மீடியம் யார்?

முழுப் பித்தலாட்டக்காரர், தன்னையே நம்புகிறவர், இரண்டுக்கும் நடுவில் சிக்கியவர் என்று மீடியத்தை மூன்று விதமாக எழுதலாம். முதல் வகை எளிது, சீக்கிரம் சலித்துவிடும்.

இரண்டாம் வகைக்கு 1922 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்ததைப் படித்தால் போதும். மாயவித்தைக்காரர் ஹூடினி தாயை இழந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் ஆறாதவர். டாயிலின் மனைவி ஜீன், கை தானாக எழுதும் முறையில், அந்தத் தாயின் செய்தி என்று பக்கம் பக்கமாக எழுதித் தந்தார். தலைப்பில் சிலுவைக் குறி, மொழி நல்ல ஆங்கிலம். ஹூடினியின் தாயோ ஒரு யூத ரப்பியின் மனைவி. ஆங்கிலம் சரியாக வராதவர். ஹூடினி அங்கே ஒன்றும் சொல்லவில்லை, பிறகு பொதுவெளியில் மறுத்தார், நட்பு முறிந்தது. இதில் வில்லன் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஜீன் காசு வாங்கவில்லை, ஏமாற்ற நினைக்கவுமில்லை. அன்போடு கொடுத்த ஆறுதல் அவமதிப்பாக முடிந்தது. இந்த அளவுக்குக் கூர்மையான காட்சியைக் கற்பனையில் எழுதினாலே நமக்குப் பெருமை.

நான் பரிந்துரைப்பது மூன்றாம் வகை. நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் கிராமத்தில் 1848-இல் ஃபாக்ஸ் சகோதரிகள் சிறுமிகளாக இருந்தபோது தொடங்கிய ‘தட்டும் ஒலி’தான் ஆவிகளோடு பேசும் இந்த இயக்கத்தின் பிறப்பு. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1888-இல், அவர்களில் ஒருவரான மார்கரெட் மேடையேறி, அது கால் விரல் மூட்டைச் சொடுக்கிய ஒலி என்று செய்தே காட்டினார். அடுத்த ஆண்டே அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சிறுபிள்ளை விளையாட்டாகத் தொடங்கியது பிழைப்பாகி, ஆயிரக்கணக்கானவர்களின் ஆறுதலாகி, பிறகு நிறுத்த முடியாமல் போனது. உங்கள் மீடியத்தை இப்படி ஒரு பெண்ணாக எழுதினால், ஹோம்ஸ் விளக்கை ஏற்றும்போது வாசகருக்கு இரண்டு பேருக்காக மனம் பதைக்கும். அந்தக் காலத்தில் ஒரு பெண் சபை நடுவே அமர்ந்து பேச, ஆண்கள் வாய்மூடிக் கேட்ட இடங்கள் மிகச் சில. ஆவி அமர்வு அவற்றில் ஒன்று. அவள் ஏன் விடமாட்டாள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு எச்சரிக்கை. குறி சொல்கிறவர்களையும் சாமியாடிகளையும் பார்த்து வளர்ந்த நம் கை, லண்டன் மீடியத்தையும் அப்படியே ஆட வைத்துவிடும். விக்டோரியா கால மீடியம் பெரும்பாலும் வரவேற்பறையில் நாற்காலியில் அமர்ந்தவர். கூட்டம் ஜெபத்தோடும் கிறிஸ்தவப் பாடல்களோடும் தொடங்கும். தலைவிரி கோலம், உடுக்கை, வேப்பிலை வாடை எதுவும் வேண்டாம்.

நான்காம் படி: ஒரே ஒரு வித்தை

வித்தைகளை அடுக்காதீர்கள். ஒன்று போதும். கையாளத் தகுந்த சில:

இருட்டில் இருபுறமும் அமர்ந்தவர்கள் மீடியத்தின் கைகளைப் பிடித்துக்கொள்வார்கள். கைகளைச் சிறிது சிறிதாக நெருக்கி, இருவரும் ஒரே கையைப் பிடித்திருக்கும்படி செய்துவிட்டால் மறு கை விடுதலை. இத்தாலிய மீடியம் யூசேப்பியா பல்லாடினோ 1895-இல் கேம்பிரிட்ஜில் இதில்தான் அகப்பட்டார். ஹோம்ஸ் திரும்பி வந்த மறு ஆண்டு என்பதால் கதைக்கும் வசதி.

மேசை நகர்வதற்கு வஞ்சகமே தேவையில்லை. சுற்றி அமர்ந்தவர்களே தங்களுக்குத் தெரியாமல் தள்ளுகிறார்கள் என்று மைக்கேல் ஃபாரடே 1853-இலேயே ஒரு கருவி செய்து காட்டிவிட்டார். சலவைக்காரத் தாயின் கையே மேசையைத் தள்ளியது என்று ஹோம்ஸ் கண்டுபிடித்தால், அதை அவரிடம் சொல்வாரா?

சிலேட்டில் ஆவி எழுதுவதாகக் காட்டிய ஹென்றி ஸ்லேட் 1876-இல் லண்டன் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் சட்ட நுணுக்கம் ஒன்றால் தப்பினார். வழக்கு 1824-ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தின்கீழ் நடந்தது. லெஸ்ட்ரேட் யாரையாவது கைது செய்ய வேண்டுமானால் இந்தச் சட்டத்தைக் கையில் கொடுங்கள். பெருந்தொகை சம்பந்தப்பட்ட கதை வேண்டுமா? 1868-இல் லயன் என்ற பணக்கார விதவை, இறந்த கணவர் சொன்னதாக நம்பி மீடியம் டேனியல் ஹோமுக்குக் கொடுத்த சுமார் 60,000 பவுனை நீதிமன்றம் திருப்பித் தரச் சொன்னது.

ஆனால் ஹோம்ஸ் கதைக்கு மிகப் பொருத்தமான வித்தை இவை எதுவுமில்லை. வந்தவரைப் பார்த்தே படிப்பதுதான். துக்க உடையில் கிரேப் துணி எவ்வளவு, அது முழுக் கறுப்பா, சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டதா, கழுத்தில் மயிர்க்கற்றை வைத்த பதக்கம் யாருடையது, மோதிரம் எந்த விரலில். இதை வைத்து மீடியம் ‘அண்மையில் ஒருவரை இழந்திருக்கிறீர்கள், வயதில் சிறியவர், தண்ணீர் தெரிகிறது’ என்று தொடங்குவார். முகம் மாறும் திசையில் அடுத்த சொல்லை வைப்பார். பேக்கர் தெருவில் படியேறி வரும் ஒவ்வொருவருக்கும் ஹோம்ஸ் செய்வது என்ன? இதே தொழில்தான். ஒருவர் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிடுகிறார், மற்றவர் சொல்வதில்லை. இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, மீடியம் ஹோம்ஸைப் படிக்க முயலும் ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள். அவள் தோற்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

படித்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒரு செய்தியை மட்டும் வழக்குக்கு விட்டுவையுங்கள். நம் கதையில் அது வாசல்படிச் சண்டை. மீடியத்துக்கு அதை யார் சொன்னது? பக்கத்து அறையில் குடியிருப்பவரா, சலவைக்குத் துணி கொடுக்கும் வீட்டு வேலைக்காரியா? அதற்கான துப்பு முதல் அமர்விலேயே வாசகர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு செய்தி. ஆவி ஆராய்ச்சிக் கழகத்தின் மிகப் புகழ்பெற்ற துப்பறிதல் அடையாற்றில் நடந்தது. பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையாரின் அறையருகே இருந்த அலமாரியில் ‘மகாத்மாக்கள்’ எனப்பட்ட மறைஞானிகளின் கடிதங்கள் தோன்றியது எப்படி என்று விசாரிக்க, ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞரைக் கழகம் 1884-இன் இறுதியில் இங்கே அனுப்பியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழில் அதற்குச் சில மாதங்கள் முன்பே குற்றச்சாட்டுகள் வெளியாகியிருந்தன. எல்லாம் மோசடி என்பது 1885-இல் அவர் தந்த முடிவு. அதன்மீதான சர்ச்சை பிறகும் ஓயவில்லை. பிளவாட்ஸ்கி லண்டனில் இறந்த நாள் 1891 மே 8. ஹோம்ஸ் அருவியில் விழுந்ததாகக் கதை சொல்லும் நாளுக்கு நான்கு நாள் பின்னால். அதன்பின் ஹோம்ஸ் திபெத்தில் சுற்றியதாக மூலக் கதையே சொல்கிறது. இதற்கு மேல் நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஐந்தாம் படி: அமர்வை எழுதுதல்

அமர்வைத் துக்கப்படுகிறவரின் கண் வழியாகவோ, அவர் அருகில் அமர்ந்த வாட்சனின் வழியாகவோ எழுதுங்கள். ஹோம்ஸின் பார்வையில் எழுதினால் எல்லாம் கயிறும் கம்பியுமாகத் தெரிந்துவிடும். அறை குளிர்கிறதா, பக்கத்தவர் கை வியர்க்கிறதா, பாட்டின் எந்த அடியில் குரல்கள் பிசிறுகின்றன என்பவை போதும். மீடியம் சொல்வதில் பாதி தவறாக இருக்கட்டும். தாய் அந்தத் தவறுகளை மறந்துவிட்டுச் சரியானதை மட்டும் பிடித்துக்கொள்வதை வாசகர் பார்க்கட்டும். அவரை மூடராகக் காட்டாமல் இருக்க, ஓரிடத்தில் அவருக்கே சந்தேகம் வந்து, அதை அவரே அடக்கிக்கொள்ளும்படி செய்யுங்கள்.

ஆறாம் படி: உடைத்த பிறகு

கதையின் எடை முழுவதும் இங்கேதான். வித்தையை எல்லோர் முன்னாலும் உடைப்பதா, மீடியத்திடம் தனியாகப் பேசுவதா, உடைக்காமலே விடுவதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். எதைத் தேர்ந்தாலும் மறுநாள் காலை என்று ஒரு காட்சி கட்டாயம் வேண்டும்.

தாய் நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். வாக்குமூலங்களும் அம்பலங்களும் நம்பியவர்களைப் பெரும்பாலும் அசைத்ததில்லை. ஹூடினி தன் வித்தைகள் எல்லாம் வெறும் தந்திரம் என்று சொல்லியும், அவருக்கே ஆவி ஆற்றல் உண்டு என்று டாயில் பிடிவாதமாக நம்பினார். 1930 ஜூலையில் டாயில் இறந்தபோது லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள்; மேடையில் அவருக்காக ஒரு நாற்காலி காலியாக வைக்கப்பட்டது. நம் சலவைக்காரத் தாய் ஹோம்ஸைத் திட்டிவிட்டு வேறு மீடியத்தைத் தேடிப் போகலாம். அதுவும் ஒரு முடிவுதான்.

ஹோம்ஸ் கொடுக்கக்கூடிய ஆறுதல் எது? மூலக் கதை இதற்கு விடை வைத்திருக்கிறது. திரும்பி வந்த ஹோம்ஸ் வாட்சனின் துயரத்துக்குச் சொற்களால் அல்ல, நடந்துகொண்ட விதத்தால் இரங்கல் காட்டினார். துக்கத்துக்கு மருந்து வேலைதான் என்று சொல்லி அன்றிரவே வேட்டைக்கு அழைத்துப் போனார். அவர் பாத்திரத்தின் எல்லை அது. அவரை உட்கார வைத்து நீளமாக ஆறுதல் பேச வைத்தால் வேறு யாரோ பேசுவதுபோல இருக்கும். மீடியத்தால் முடியாத ஒன்று அவரால் முடியும்: நடந்ததைக் கண்டுபிடிப்பது. இப்படி ஓர் உரையாடல்:

“அவன் என்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னாளே ஐயா, அதுவும் பொய்யா?”

ஹோம்ஸ் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். “அவளுக்கு அது தெரிய வழியில்லை, அம்மா. அந்தக் கப்பலின் சமையல்காரர் உயிரோடு இருக்கிறார். ஹல் நகரில். கடைசி இரவு உங்கள் மகனோடு இருந்தவர் அவர். வியாழக்கிழமை வந்தால் பார்க்கலாம்.”

“நல்லதாகச் சொல்வாரா?”

“அதற்கு நான் உறுதி தர முடியாது.”

“நீங்களும் கூட வருவீர்களா?”

“வாட்சன் வருவார்.”

தனக்கு எது வராது என்று ஹோம்ஸுக்குத் தெரியும் என்பதைக் கடைசிப் பதில் காட்டிவிடுகிறது. சமையல்காரர் என்ன சொல்கிறார் என்பது உங்கள் பொறுப்பு. மகன் மன்னித்தான் என்றே அவரும் சொன்னால் கதை இனித்துக் கெட்டுவிடும். மகன் அந்தச் சண்டையைப் பற்றிப் பேசவே இல்லை, சம்பளத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று எண்ணிக்கொண்டே இருந்தான் என்று சொன்னால்? தாய் அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: ஆவி நிஜமாகவே வரலாமா?

வரலாம், ஆனால் வழக்கைத் தீர்க்கக் கூடாது. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் வகுத்த துப்பறியும் கதை விதிகளில் அமானுஷ்யத்துக்கு இடமே இல்லை. ரசிகர் புனைவு அந்த விதிக்குக் கட்டுப்பட்டதல்ல. இருந்தாலும் கொலைகாரனின் பெயரை ஆவி வந்து சொல்லிவிட்டால் பிறகு ஹோம்ஸ் எதற்கு? விளங்காத ஒரே ஒரு சிறு செய்தியை விட்டுவையுங்கள். லாட்ஜ் குடும்பத்தில் மீடியம் ஒருவர், ரேமண்ட் இருக்கும் ஒரு குழுப் படத்தை, அது வீட்டுக்கு வந்து சேரும் முன்பே விவரித்ததாகப் பதிவு உண்டு. அந்த அளவு போதும்.

ஹோம்ஸை ஆவி நம்பிக்கைக்கு மாற்றிவிடும் ஆசை வந்தால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஊர் ஊராகப் போய் ஆவிகளைப் பற்றிப் பேசிய காலத்திலும், 1924-இல் வந்த ரத்தக் காட்டேரிக் கதையில், பேய்களுக்கு இங்கே வேலையில்லை என்ற பொருளில்தான் ஹோம்ஸைப் பேச வைத்தார் டாயில். 1926-இல் நம்பிக்கைக்கு மாற்றியது தன் வேறு கதைகளின் நாயகரான பேராசிரியர் சாலஞ்சரை. ஹோம்ஸ் மேல் அவர் கை வைக்கவில்லை.

எட்டாம் படி: வெளியிடும் முன்

அமெரிக்காவில் கடைசி ஹோம்ஸ் கதைகளின் காப்புரிமையும் 2023 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. இந்தியாவில் அதற்கும் முன்பே முடிந்தது. டாயிலின் ஹோம்ஸையும் வாட்சனையும் தாராளமாக எடுத்தாளலாம். தொலைக்காட்சித் தொடர்களும் திரைப்படங்களும் புதிதாகச் சேர்த்த பாத்திரங்கள் அப்படியல்ல. அவற்றை வைத்து எழுதினால் காசாக்க நினைக்காதீர்கள். ஹூடினி, டாயில் போன்ற உண்மை மனிதர்கள் கதைக்குள் வந்தால், எது பதிவான செய்தி, எது உங்கள் கற்பனை என்று முன்குறிப்பில் ஒரு வரி சொல்லிவிடுங்கள். அதே குறிப்பில், இறந்தவர் யார் என்பதையும் முன்கூட்டியே தெரிவியுங்கள்: குழந்தையின் சாவு, தற்கொலை, உடல் கிடைக்காத சாவு என்று தெளிவாக. அண்மையில் ஒருவரைப் பறிகொடுத்தவர் படிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்தச் சொற்கள் வேண்டும். திருப்பம் கெட்டுவிடுமே என்று அதை மறைக்காதீர்கள்.